66 செயற்கைக்கோள்களும் ஒரு கம்பெனியின் மனமும்

பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஒரு தலபுராணம் உண்டு. இரிடியத்தின் புராணம் 1985இல் பகாமாஸ் தீவில் நடக்கிறது. மோட்டரோலா பொறியாளர் ஒருவரின் மனைவி, விடுமுறைக்குப் போன இடத்திலிருந்து தன் வாடிக்கையாளர்களோடு பேச முடியவில்லையே என்று கணவரிடம் குறைபட்டுக்கொள்கிறார். அதிலிருந்து பூமியையே சுற்றி வளைக்கும் ஒரு தொலைபேசி வலை பிறக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் யாரோடு, எதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று புராணம் கேட்பதில்லை. 'உலகத் தொடர்பு' என்கிற சொல்லாடலில் பேச வேண்டியவர் யார் என்பது முதல் காட்சியிலேயே முடிவாகிவிட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

தொழில்நுட்பம் ரொம்பச் சிக்கலில்லை. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமத்திய ரேகைக்கு மேல் ஒரு கோளை நிறுத்தினால் அது நகராதது போலத் தெரியும். ஆனால் குரல் ஏறி இறங்கவே கால் நொடி ஆகிவிடும். 780 கி.மீ.க்குக் கீழிறக்கினால் அந்தத் தாமதம் போய்விடும், கோள்தான் சில நிமிடங்களில் தலையைத் தாண்டி ஓடிவிடும். ஓடுகிற கோளிடமிருந்து அடுத்த கோள் அழைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு கூட்டமே தேவை. முதலில் 77 கோள்கள் என்று கணக்குப் போட்டு, அணு எண் 77 உள்ள தனிமத்தின் பெயரைச் சூட்டினார்கள். பிறகு 66 போதும் என்றானது. 66ஆவது தனிமம் டிஸ்ப்ரோசியம். கிரேக்கத்தில் 'கிட்டுவதற்கு அரியது' என்று பொருள். பெயரை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஏறக்குறைய 500 கோடி டாலர் செலவில் 1998 நவம்பர் 1 அன்று சேவை தொடங்கியது. கருவி சுமார் 3,000 டாலர், பேச்சு நிமிடத்துக்கு 7 டாலர் வரை, கட்டிடத்துக்குள் போனால் எடுக்காது. எந்தப் பறக்கும் வியாபாரிக்காகக் கட்டினார்களோ, அவர் இறங்கும் நகரங்களிலெல்லாம் அதற்குள் செல்போன் கோபுரம் முளைத்துவிட்டது. கோபுரம் வராத மலையிலும் கடலிலும் இருந்தவர்களில் பெரும்பாலோரிடம் அவ்வளவு காசில்லை. 1999 ஆகஸ்டில் திவால். சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று முடித்துவிடலாம்தான். எனக்கு அதற்குப் பிந்திய கதை முக்கியமாகப் படுகிறது.

கோள்களைக் கீழிறக்கி எரித்துவிட ஏற்பாடு நடந்தது. கடைசி நேரத்தில், 2000இன் இறுதியில், ஒரு புதிய குழு அத்தனையையும் சுமார் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. கையோடு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இரண்டு ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. இராணுவத்துக்கென்று ஹவாயில் தனியாகத் தரைநிலையம் இருந்தது. கோள்கள் தமக்குள்ளேயே அழைப்பைக் கைமாற்றிக்கொள்ளும் என்பதால், எந்த நாட்டில் நின்று சிப்பாய் பேசினாலும் அந்த நாட்டு இணைப்பகத்தைத் தொடாமல் பேச்சு ஹவாயில் இறங்கும். 'எல்லைகளற்ற உலகம்' என்று நாமும் கொஞ்சம் கொண்டாடினோமே, எல்லை யாருக்கு அழிந்தது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

இதில் நம்ம ஊர்ப் பணமும் போனது. இந்திய நிதி நிறுவனங்கள் முதலீடு செய்த இரிடியம் இந்தியா டெலிகாம், 2001இல் புனேயில் மோட்டரோலா மீது மோசடிப் புகார் கொடுத்தது. மோட்டரோலாவின் வாதம் அபாரமானது: கம்பெனிக்கு மனம் கிடையாது, ஆகவே ஏமாற்றும் எண்ணமும் இருக்க முடியாது. ஆசிரியனின் மரணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். இங்கே ஒரு கம்பெனி தன் மரணத்தைத் தானே வாதாடுகிறது! மும்பை உயர்நீதிமன்றம் புகாரை ரத்து செய்தது. 2010 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது: நடத்துகிறவர்களின் எண்ணத்தைக் கம்பெனியின் எண்ணமாகக் கொள்ளலாம். குற்றம் நிரூபணமானது என்றல்ல, விசாரிக்கலாம் என்று மட்டும்.

2019 மே மாதம் ஸ்டார்லிங்க் 60 கோள்களோடு தொடங்கி, இன்று பல ஆயிரம் ஆகிவிட்டது. சுமார் 550 கி.மீ. உயரம், குரல் மட்டுமல்ல, வேகமான இணையமே வருகிறது. கப்பலும் விமானமும் வாங்குகின்றன. இந்த முறை வியாபாரம் நிலைத்துவிட்டது. ஆனால் 2022இல் உக்ரைன் இராணுவம் கிரிமியாவின் செவாஸ்டோபோல் வரை சேவையைத் திறந்துவிடக் கேட்டபோது, தான் மறுத்துவிட்டதாக எலான் மஸ்க் 2023இல் தானே எழுதினார். மனம் இருக்கிறது, அது ஒருவருடைய மனம்.

2025 ஜூனில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஸ்டார்லிங்குக்கு உரிமம் கொடுத்தது. தரைநிலையம் இந்திய மண்ணில் இருக்க வேண்டும். அரசு சொன்னால் குறிப்பிட்ட பகுதிக்குச் சேவையை நிறுத்த வேண்டும் என்பது விதி. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தை அணைத்த அதே அரசுதான். ஒரு சுவிட்சில் இப்போது இரண்டு கைகள்.