காப்பும் அணியும்



குழந்தையின் காதைக் குத்துவதும் உடம்பிற் பச்சை குத்துவதும் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலரோ காதுகுத்தல் நமக்கே உரிய தொன்மை என்றும், பச்சை குத்தல் மேல்நாட்டார் தந்த கேடு என்றும் வாதிடுகின்றனர். இரண்டு எண்ணமும் வரலாற்றோடு பொருந்தாதவை. 1991ஆம் ஆண்டு அல்ப்ஸ் மலையிலே, இத்தாலி - ஒஸ்திரிய எல்லையருகே, பனிக்குள் உறைந்து கிடந்த ஓர் ஆணின் உடல் கிடைத்தது. அவன் வாழ்ந்த காலம் இற்றைக்கு ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன். அவனது தோலிலே 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டன. காதுச் சோணைகளும் துளைத்துப் பெருக்கப்பட்டிருந்தன. ஆகவே இவ்விரு வழக்கங்களும் எந்த ஓர் இனத்துக்கும் தனியுடைமை அல்ல. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நம்மவர் எதற்காகத் தம் பிள்ளைகளின் உடம்பிலே இக்குறிகளை இட்டனர்? அந்த நோக்கம் இன்றும் நிலைத்திருக்கிறதா?

விடைக்கு முதலில் மருத்துவ நூலொன்றை நாடுவோம். வடமொழியிலுள்ள சுசுருத சங்கிதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. காது குத்தும் முறைக்கு அந்நூல் தனியான ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளது. குழந்தைக்குக் காது குத்துவதன் பயன் இரண்டு என்கிறது அது. ஒன்று காப்பு, மற்றது அணி. காப்பு என்பதே முதலில் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆறாம் அல்லது ஏழாம் மாதத்திலே, வளர்பிறையில், குழந்தையைச் செவிலியின் மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களால் அதன் மனத்தைத் திருப்பிக் குத்த வேண்டும். ஆண்பிள்ளைக்கு வலக்காது முதல், பெண்பிள்ளைக்கு இடக்காது முதல். இடக்கையாற் சோணையை இழுத்துப் பிடித்துச் சூரிய ஒளியில் நோக்கினால் இயல்பாகவே மெல்லியதாய் ஒளி ஊடுருவும் ஓரிடம் தென்படும். அவ்விடத்திலேதான் ஊசி இறங்க வேண்டும். இடம் தவறினால் இரத்தம் பெருகும், வலி மிகும் என்றும், நாளங்களிற் பட்டாற் காய்ச்சல், வீக்கம், கழுத்து விறைப்பு, வலிப்பு முதலியன நேரும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. கழுத்து விறைப்பும் வலிப்பும் ஏற்புவலி நோயை நமக்கு நினைவூட்டுகின்றன. குத்திய துளையிற் பஞ்சுத் திரி இட்டு, எண்ணெய் வார்த்து, மூன்று நாளைக்கொரு முறை திரியைப் பருமனாக்கிக்கொண்டு போகவேண்டும். பெருக்கிய காது அறுந்துபோனால் அதை ஒட்டவைக்கப் பதினைந்து வழிகளையும் அதே அத்தியாயம் கூறுகிறது. குழந்தையின் வலியைப் பொருட்படுத்தாத ஒருவர் இத்தனை நுணுக்கமாக எழுதியிருக்க முடியாது.

இனித் தமிழுக்கு வருவோம். 'தோடு' என்ற சொல்லே ஓலையைக் குறிப்பது. பனையோலைச் சுருளைக் காதுத் துளையிற் செருகிய வழக்கத்திலிருந்தே நகைக்கு அப்பெயர் வந்தது. பொன்னாற் செய்தாலும் வைரம் பதித்தாலும் அதன் பெயரிலே பனை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர், குழந்தைப் பருவத்திலே பாடியதாகப் போற்றப்படும் முதற் பதிகத்தில், இறைவனை அவனது செவியிலுள்ள தோட்டைக் கொண்டே நமக்கு அடையாளம் காட்டுகிறார். ஒரு காதிலே தோடும் மறு காதிலே குழையும் அணிந்த வடிவம் அம்மையும் அப்பனும் ஒன்றான நிலையைக் குறிப்பது. சிலப்பதிகாரத்திலே கோவலனைப் பிரிந்த கண்ணகியை வருணிக்கும் இளங்கோவடிகள், குழை நீங்கித் தாழ்ந்து தொங்கும் அவளது வெறுங் காதுகளைக் காட்டுகிறார். வளர்த்த காதிலே அணி இல்லாமை துயரத்தின் அடையாளமாயிற்று.

ஆயினும் காது குத்தப்படும் பிள்ளையின் குரலை நமக்குக் கேட்கவைத்தவர் பெரியாழ்வாரே. அவரது திருமொழியிலே காதுகுத்தலுக்கென்றே பதின்மூன்று பாசுரங்கள் உள்ளன. யசோதை கண்ணனைக் கேசவன் முதலான பன்னிரு திருநாமங்களாலும் அழைக்கிறாள். ஆயர்பாடிப் பிள்ளைகள் எல்லோரும் காது பெருக்கி அழகாகத் திரிகிறார்களே என்கிறாள். பொற் கடிப்பு வைத்திருக்கிறேன், மகரக்குழை வைத்திருக்கிறேன், எரியாமலே திரி இடுவேன் என்கிறாள். பிள்ளை இணங்குவதாயில்லை. கையைப் பிடித்து வலியக் கடிப்பைத் திருகினால் உனக்கென்ன, நோவது என் காதல்லவா, என்னால் இயலாது என்று மறுக்கிறான். அப்போது தாய் நாவற்பழத்தைக் காட்டுகிறாள்! உலகளந்தவனை நாவற்பழத்தால் வசப்படுத்த முயலும் அந்தத் தாய், எங்கள் ஊரிலே காது குத்தும் நாளிற் கற்கண்டோடு நிற்கும் அம்மம்மாவுக்கு எவ்வகையிலும் வேறானவள் அல்லள். இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளைக்கு மறுத்துப் பேசும் உரிமையை ஆழ்வார் கொடுத்திருக்கிறார். வலி என்பது பிள்ளையுடையது, ஆசை தாயுடையது என்ற வேறுபாட்டை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் இலக்கியம் உணர்ந்திருந்தது.

இலங்கையைப் பொறுத்தவரை, ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் நல்லதொரு சான்று தருகிறார். 1660இல் மூதூருக்கு அண்மையிற் பிடிபட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்திற் கைதியாக வாழ்ந்த அவரது நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. கண்டிப் பெண்களுக்குச் சிறுவயதிலேயே காது குத்தித் தென்னோலைச் சுருளைத் துளையில் வைத்து விரியச் செய்வர் என்றும், அவர்கள் அதைப் பேரழகென்று கருதினர் என்றும் எழுதிய அவர், தமது கண்ணுக்கு அது அழகாகத் தோன்றவில்லை என்பதையும் மறைக்கவில்லை. இங்கே தமிழரின் பனையோலைச் சுருளும் சிங்களவரின் தென்னோலைச் சுருளும் ஒரே வேலையைச் செய்தன. தென் தமிழகத்திலே தண்டட்டியும் பாம்படமும் தோளைத் தொட வளர்த்த காதுகள் பிற்காலத்திற் பழமையின் அடையாளமெனக் கருதப்பட்டபோது, மிஷன் வைத்தியசாலைகளிலே அவற்றை வெட்டித் தைத்து ஒட்டினார்கள். வளர்த்த தலைமுறையும் தைத்துக்கொண்ட தலைமுறையும் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தன.

அணியும் உரிமை எல்லோருக்கும் இருக்கவுமில்லை. யாழ்ப்பாணத்திலே இருபதாம் நூற்றாண்டிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆண்கள் பொற் கடுக்கன் அணிவதையும், பெண்கள் மேலாடை அணிவதையும் தடுத்தவர்கள் இருந்தனர். ஒரு வீட்டிலே பிள்ளையின் காது குத்துவது பெருமையாகவும், அடுத்த வீட்டிலே அதே காதில் ஒரு துளிப் பொன் இடுவது குற்றமாகவும் எண்ணப்பட்டது. காதணியின் வரலாற்றைப் பாடும்போது இந்த அத்தியாயத்தை மட்டும் நாம் விழுங்கிவிடுதல் நேர்மையன்று.

இனிப் பச்சை குத்தலைப் பார்ப்போம். உயர்தர வகுப்பிலே சங்க இலக்கியம் கற்பிக்கும்போது, தொய்யில் என்பது பச்சை குத்தலா என்று மாணவர் கேட்பதுண்டு. அன்று. தொய்யில், மகளிரின் மார்பிலும் தோளிலும் குழம்பினால் எழுதிய கோலம். நீராடினால் அது அழிந்துவிடும். பச்சை குத்தலோ அழியாதது. கரி, தோலின் உட்படையிலே தங்கி, மேற்றோலின் ஊடாக நீலப் பச்சையாகத் தோன்றுவதால் அப்பெயர் வந்தது. சென்னை அருங்காட்சியகத்திற் பணியாற்றிய எட்கார் தேர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளிலே குறத்தியரின் தொழில்முறையைப் பதிந்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்துத் துணியிற் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த புதுச் சட்டியிற் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பர். கட்டிய ஊசிகளாற் குத்தி, மஞ்சள் பூசுவர். தாய்ப்பாலிற் குழைத்த மை! அந்தக் குறிக்குள்ளும் ஒரு தாய் இருக்கிறாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த பெண்கள் இக்குறிகளைத் தம் கைகளிலே சுமந்து வந்தனர். மலையகத்து மூதாட்டியரின் முன்கையிலே புள்ளிக் கோலத்தையும் பெயரையும் கண்டவர் நம்மிற் பலர். மற்ற நகை யாவும் அடகுக்குப் போகும், களவு போகும், சாவோடு கழற்றப்படும். பச்சை ஒன்றுதான் கூட வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கையிலே வேறெதுவும் இல்லாதவர்களின் நகை அது.

காப்பு என்ற நோக்கம் மிகத் துலக்கமாக வெளிப்படுவது இன்னொரு வழக்கத்திலே. பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்த வீட்டிலே, அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையிற் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும், பிறரிடம் யாசித்துப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும் பெயரிடுவர். மூக்கைக் குத்தி மூக்கன் என்றும் மூக்கம்மாள் என்றும் அழைப்பர். குறையுள்ள பிள்ளை, பெறுமதியற்ற பிள்ளை என்று எண்ணி யமன் விலகிப்போவான் என்பது எண்ணம். அம்மை, பேதி, காய்ச்சல் என்று எதற்கும் தடுப்பில்லாத காலத்திலே, ஒரு தாயின் கைக்கு எட்டிய மருந்து ஊசி முனையளவு வலிதான். இதை மூடநம்பிக்கை என்று சொல்லி நகைப்பது எளிது. நான்கு பிள்ளைகளைப் புதைத்த தாயின் முன் நின்று நகைப்பது எளிதன்று.

இன்று அந்தக் காப்பு வேறு வடிவிலே வந்துவிட்டது. இலங்கையிலே குழந்தைகளுக்கு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களிற் போடப்படும் தடுப்பூசியில் ஏற்புவலிக்கெதிரான மருந்தும் அடங்கியுள்ளது. பழைய நூல் காது குத்தச் சொன்ன ஆறாம், ஏழாம் மாதத்துக்குள் இம்மூன்று ஊசியும் முடிந்துவிடுவது பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. யமனை ஏமாற்ற இனி மூக்கைக் குத்த வேண்டியதில்லை. காப்பு ஊசிக்குப் போய்விட்டது. காதுக்கு எஞ்சி நிற்பது அணி மட்டுமே. ஆனால் வலி குறையவில்லை. பெற்றோர் சிந்திக்கவேண்டிய இடம் இதுதான்.

என் கருத்து இதுவே. சோணையிலே, தடுப்பூசி முடிந்தபின், தூய்மையான ஊசியால், பழகிய கையினாற் குத்துதல் நம் பண்பாட்டோடு நம்மைப் பிணைக்கும் சிறு சடங்கு. பிற்காலத்தில் விரும்பாத பிள்ளை அணியைக் கழற்றிவிடலாம். பிள்ளை பேசத் தொடங்கும்வரை காத்திருந்து, அதன் விருப்பத்தைக் கேட்டுக் குத்தும் பெற்றோரும் மரபை மீறியவர் ஆகார். அவர்கள் பெரியாழ்வாரின் கண்ணனுக்குச் செவி கொடுத்தவர்கள். பச்சை குத்தல் அவ்வாறன்று. வளரும் உடம்போடு கோலமும் விரிந்து உருமாறும், கழற்ற முடியாது. 1969ஆம் ஆண்டிலேயே பிரித்தானியா பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பச்சை குத்துவதைச் சட்டத்தால் தடுத்தது நியாயமானதே. வளர்ந்தவர் தம் கையிலே தம் பிள்ளையின் பெயரைப் பொறித்துக்கொண்டால் அது அவரவர் உரிமை. தோட்டத்து மூதாட்டியின் முன்கையைப் போற்றும் நாம், இளந் தந்தையின் முன்கையைக் கண்டு முகஞ்சுளிப்பது முறையன்று. ஆனால் பிள்ளையின் தோலிலே எழுதும் உரிமை, அப்பிள்ளை வளர்ந்து தானே தீர்மானிக்கும் நாள்வரை, ஒருவருக்கும் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். காது குத்தும் நாளிலே பிள்ளை அழுதால், 'ஒன்றுமில்லை, நோகாது' என்று பொய் சொல்லாதீர்கள். நோகும் என்று சொல்லுங்கள். ஏன் குத்துகிறோம் என்பதையும் விளங்கும் வயதிலே விளங்கச் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடிந்த வழக்கம் நிலைக்கும். காரணம் சொல்ல முடியாத வழக்கத்தை, அந்தப் பிள்ளையே நாளை ஒருநாள் கைவிட்டுவிடும்.