மாஸ்கோ போகாத வீரர்களுக்கு மண்டபத்தில் இடம் உண்டா?

பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் இருக்கும் சிட்டி ஸ்டேடியத்தின் பக்கம் பழைய ரசிகர் ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். 1974இல் பேராக்கை 2-1 என வென்று மலேசியக் கிண்ணத்தைப் பினாங்குக்குக் கொண்டுவந்த குழுவின் பெயர்களை இன்றும் கடகடவென்று ஒப்பிப்பார். பேச்சு அதோடு நிற்காது. யார் பெரிய ஆட்டக்காரர் என்று தொடங்கி, யாருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதில் வந்து முடியும்.

ஓய்வு பெற்ற விளையாட்டாளரைப் புகழ் மண்டபத்தில் ஏற்றுவதற்கு எது அளவுகோல்? இதைப் பேசுவதற்கு நம் நாட்டின் இரண்டு காற்பந்துக் குழுக்களை விட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

மூனிக் போன குழு

1971இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றில் ஜப்பானை 3-0 எனவும், தென் கொரியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 எனவும் மலேசியா வீழ்த்தியது. எம். சந்திரன் தலைமையில் 1972 மூனிக் ஒலிம்பிக்கில் களமிறங்கியது. பினாங்கின் நமாட் அப்துல்லா, ஷாஹாருடின் அப்துல்லா இருவரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிடம் 0-3 தோல்வி. அமெரிக்காவுக்கு எதிராக 3-0 வெற்றி. மொரோக்கோவிடம் 0-6 தோல்வி. மலேசியக் காற்பந்து ஒலிம்பிக்கில் ஆடியது அந்த ஒரு முறைதான். 2004இல் மலேசிய ஒலிம்பிக் மன்றம் அந்தக் குழுவைத் தன் புகழ் மண்டபத்தில் ஏற்றிக் கௌரவித்தது.

கைக்கு எட்டியது...

அடுத்த குழுவின் கதை வேறு. 1980 ஏப்ரல். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மறுபடியும் தென் கொரியா. ஜேம்ஸ் வோங் அடித்த கோலால் 2-1 வெற்றி, மாஸ்கோவுக்கு டிக்கெட்! சோ சின் ஆன், சந்தோக் சிங் தற்காப்பில் நிற்க, கோல் கம்பங்களுக்கு நடுவே 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் நின்ற காலம் அது.

ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து, மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மலேசியாவின் இடம் ஈராக்குக்குப் போனது. அந்த ஈராக் கால் இறுதி வரை சென்றது! 2016இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் இந்த வெற்றியைத்தான் கதையாக்கியது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்து, ஆறுமுகத்தை நினைத்துக் கண்கலங்கியவர்கள் நம்மில் பலர்.

எது அளவுகோல்?

"நடந்ததற்குத்தான் மரியாதை, நடந்திருக்கக்கூடியதற்கு அல்ல" என்பது ஒரு தரப்பு. ஒலிம்பிக் திடலில் கால் வைக்காதவரை ஒலிம்பிக் வீரரோடு சேர்த்து வைக்கலாமா? அப்படிக் கதவைத் திறந்தால், காலில் அடிபட்டுப் போகாதவர், தேர்வில் விடுபட்டவர் என்று வரிசை நீளாதா? நியாயமான கேள்விதான். மண்டபம் என்றால் அதற்கு ஒரு வாசற்படி வேண்டும்.

ஆனால் மூனிக் கணக்கையும் பாருங்கள். மூன்று ஆட்டங்களில் இரண்டில் தோல்வி. அந்தக் குழுவைப் பதக்கத்துக்காகவா ஏற்றினார்கள்? இல்லை. ஆசியாவின் பெரிய குழுக்களைத் தாண்டி ஒலிம்பிக்கை எட்டியதற்காக. அதுதான் அளவுகோல் என்றால், 1980 குழுவும் அதே கொரியாவைத்தானே தாண்டியது? அடிபட்டவரும் விடுபட்டவரும் தகுதிச் சுற்றை வென்றவர்கள் அல்ல. இவர்கள் வென்றவர்கள்.

அமெரிக்காவின் பேஸ்பால் புகழ் மண்டபமும் இதே சிக்கலைச் சந்தித்தது. அங்கே ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆக வேண்டும், பத்திரிகையாளர் வாக்கில் 75 விழுக்காடு வேண்டும். கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீக்குகள் 1947 வரை சேர்க்கவே இல்லை. ஆடாத இடத்தில் சாதனை எங்கிருந்து வரும்? 1966இல் தன்னை மண்டபத்தில் ஏற்றிய மேடையிலேயே வெள்ளையரான டெட் வில்லியம்ஸ், வாய்ப்பு மறுக்கப்பட்ட அந்தக் கறுப்பின வீரர்களுக்கும் இங்கே இடம் வேண்டும் என்று கேட்டார். 1971இல் சாட்செல் பேஜ் ஏற்றப்பட்டார். மறு ஆண்டு ஜோஷ் கிப்சன். ஆனால் கிப்சன் 1947லேயே இறந்துவிட்டார்.

அதே அமெரிக்காவில் 4,256 ஹிட் அடித்த பீட் ரோஸ், சூதாட்டத்துக்காக 1989இல் தடை செய்யப்பட்டு, 2024இல் மண்டபம் ஏறாமலே இறந்தார். தன் தவற்றால் வாசலில் நின்றவர் அவர். நம் நாட்டிலும் 1990களின் ஆட்ட ஊழலில் பல வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் வழக்கு தனி. 1980 குழு செய்த தவறு என்ன? ஜெயித்ததா? நாடு எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டதா?

ஆகவே தீர்ப்பு இதுதான்: தன் குற்றத்தால் வாய்ப்பு இழந்தவரையும், வென்ற பிறகு பிறர் முடிவால் இழந்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பின்னவருக்கு மண்டபத்தில் இடம் உண்டு. "தகுதி பெற்றார், நாட்டுக்காக விட்டுக்கொடுத்தார்" என்று உள்ளதை உள்ளபடி எழுதி ஏற்றினால், மூனிக் வீரர்களின் பெருமை ஒரு துளியும் குறையாது.

ஆறுமுகம் 1988இல், 35 வயதில், சாலை விபத்தில் காலமானார். மரியாதை செய்வதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. மாலை கழுத்தில் விழ வேண்டும், படத்தில் அல்ல. அடுத்த முறை ஏதாவது ஓர் ஒட்டுக்கடையில் பழைய ஆட்டக்காரர் ஒருவரைப் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு எந்த மன்றத்தின் வாக்கும் தேவையில்லை.