மாலேயில் ஏறிய கடல்

ஜிந்துப்பிட்டியிலிருந்து கொழும்புத் துறைமுகம் நடைதூரம். முன்னாளில் மாலைதீவுப் பாய்மரக் கலங்கள் மாசிக் கருவாட்டைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் அது. சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசியால் நமக்கு அறிமுகமான அந்த அயல்நாடுதான், கடல்மட்ட உயர்வை உலக அரங்கின் அரசியற் பிரச்சினையாக்கியது.

1987 ஏப்ரலில் தலைநகர் மாலேக்குள் கடல் புகுந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி மௌமூன் அப்துல் கையூம், கடல் உயர்ந்தால் தமது நாடே அழிந்துவிடும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் எடுத்துரைத்தார். காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு அமைந்தது மறு ஆண்டில்தான். (2007இல் அக்குழு நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அதன் உபதலைவர்களுள் ஒருவர் இலங்கையரான மொஹான் முனசிங்க.)

ஒன்றை மறைக்கலாகாது. அன்று மாலேக்குள் புகுந்தது துருவத்தில் உருகிய பனியின் நீரன்று. தெற்கே வெகுதொலைவில் வீசிய புயல்கள் எழுப்பிய பேரலை. கடலை நிரப்பி மீட்ட நிலமே பெரிதும் அடிபட்டது. வட துருவத்தில் மிதக்கும் பனி உருகினாலும், குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டியைப் போல, கடல்மட்டத்தை அது அநேகமாக உயர்த்துவதில்லை. நிலத்தின்மீது படிந்த பனியின் கதை வேறு. கிறீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 7 மீற்றர் உயரும். மாலைதீவின் மிக உயர்ந்த இயற்கை நிலமோ 3 மீற்றரைக்கூட எட்டாது.

விவாதமும் அத்தீவுகளிலேயே மூண்டது. அண்மைய தசாப்தங்களில் மாலைதீவில் கடல் தாழ்ந்தே இருக்கிறது என்று சுவீடன் புவியியலாளர் நில்ஸ் அக்செல் மோர்னர் 2004இல் எழுதினார். அத்தகைய பெருந்தாழ்வு நிகழ்ந்திருக்க இயலாது என்று பிரித்தானியாவின் பிலிப் வூட்வேர்த் மறு ஆண்டே மறுத்தார். 2009 ஒக்டோபர் 17இல் ஜனாதிபதி முகமது நஷீத் கடலடியில் அமைச்சரவையைக் கூட்டினார். மோர்னர் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எம் போன்ற பத்திரிகைக்காரரின் கண்ணுக்குப் படம் பெரிதாகவும் கடிதம் சிறிதாகவும் தெரிந்தமை இயல்பே. ஆயினும் அளவீடுகள் மோர்னரின் பக்கம் நிற்கவில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்துள்ளதாக அக்குழுவின் 2021 அறிக்கை கூறுகிறது. சூடேறிய நீர் விரிவடைந்ததும், மலைப்பனியும் துருவப் பனியும் உருகியதும் அதற்குக் காரணங்கள்.

பேரலைக்குப் பின் ஜப்பானிய உதவியுடன் மாலேயைச் சுற்றிக் கடற்சுவர் எழுந்தது. 1997இல் அருகே ஹுல்ஹுமாலே என்னும் புதிய தீவை உருவாக்கும் வேலை தொடங்கியது. அதுவும் கடலை நிரப்பி எடுத்த நிலமே. மாலேயைவிடச் சற்று உயரமாக நிரப்பினார்கள்.