சென்னைத் தீர்க்கரேகையும் திருச்சுழி நாட்டுப் பழைய நிலப்படங்களும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. ஈண்டு ஊர் வரலாறு என்பது பெரும்பாலும் கண்மாய் வரலாறே. எக்கண்மாய் எங்கிருந்தது என்று துணியப் பழைய நிலப்படங்களை இணையத்துள்ள இற்றைநாட் படங்களின்மேற் பொருத்திக் காணும் முறை இன்று ஆய்வாளரிடையே பரவிவருகின்றது. அம்முறையில் நேரும் பிழையொன்றினை ஈண்டு ஆராய்வாம்.

லாம்டன் 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். தீர்க்கரேகைக்கு முதனிலையாயது, 1792இல் எழுந்த சென்னை வானாய்வுக்கூடம். கிரீனிச்சுக்குக் கிழக்கே அதன் நிலையை முன்னையோர் 80 பாகை 17 கலைக்கும் மேலாகக் கொண்டனர். பின்னர்த் தந்திவழி நேரத்தை ஒப்பிட்டு நோக்கியபோது அது 80 பாகை 15 கலைக்கும் சற்றுக் குறைவே எனத் தெளிவாயிற்று. எனவே, 1827 முதல் வெளிவந்த, நான்கு மைலுக்கு ஓரங்குலமான இந்திய அட்லசில் ஊர்கள் ஏறத்தாழ இரண்டரைக் கலை கிழக்கே தள்ளி நிற்கும். இந்நாட்டில் அது நாலரைக் கிலோமீட்டர். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட தொலைவில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாது.

படத்தின் கட்டக்கோட்டெண்களை மட்டும் நம்பிப் பொருத்துவோர், கண்மாயிருந்த இடத்தில் இன்று புன்செய் கிடத்தலைக் காண்பர். கண்மாய் அழிந்ததென்றோ, அப்பெயரில் வேறோர் ஊர் இருந்ததென்றோ எழுதுவர். கண்மாய்கள் மெய்யாகவே தூர்ந்தும் சீமைக்கருவேல் மண்டியும் கிடக்கும் நாடாதலின், அம்முடிபு எளிதில் நம்பப்படும். ஒருவர் எழுதியதைப் பிறர் எடுத்தாளவே, இல்லாத ஊர் ஒன்று வரலாற்றிற் புகுந்துவிடும்.

ஆதலின், நிலைபெயராப் பொருள்களைக் கொண்டே படத்தைப் பொருத்துதல் வேண்டும். திருச்சுழித் திருமேனிநாதர் கோயில், கண்மாய்க் கரையின் வளைவு, கலுங்கு ஆகியன தக்கவை. குண்டாற்றின் மணற்படுகையும் நீர்ப்பரப்பின் விளிம்பும் தகா. அவை ஆண்டுதோறும் மாறுவன. பொருத்தப் பயன்பட்ட இடங்கள் ஒருபுறமிருக்க, வேறு சிலவற்றைச் சரிபார்த்தற்கென்றே ஒதுக்குதலும் நன்று.

பழைய ஏடுகளைத் தேடுவார் ஆட்சியெல்லை மாறியதையும் கருதுக. 1910 வரை மதுரை மாவட்டத்திலும், பின் இராமநாதபுரத்திலும் இருந்த இப்பகுதி 1985இல் பிரிந்து, இன்று விருதுநகர் மாவட்டத்துள் அடங்கும்.

எல்லா இடங்களும் ஒரே திசையில் ஒரே அளவு விலகின், அது கணிப்பின் பிழை. அதனைத் திருத்திய பின்னும் ஒரு கண்மாய் மட்டும் விலகி நிற்பின், ஆண்டே வரலாற்றாய்வு தொடங்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாது அழிந்த ஊர்களைப் பற்றி எழுதுதல் பொருந்தாது என்பது எம் கருத்து.