ரிப்போர்ட்டில் 'சிடி4' என்று இருக்கா? அந்த நம்பர் சொல்வது இதுதான்!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிடி3, சிடி4, சிடி8 என்று வரிசையாக இருப்பதைப் பார்த்திருக்கீங்களா? பஸ் ரூட் நம்பர் மாதிரி தெரியும் இவையெல்லாம், நம் நோய் எதிர்ப்பு செல்களின் அடையாள அட்டைகள்.

எதுக்கு இந்த நம்பர்?

மைக்ரோஸ்கோப்பில் டி செல்லும் பி செல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால், வேலை வேற வேற. அதனால், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒரே புரதத்துக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக் குழம்பியதால், 1982-ல் பாரிஸில் கூடிய விஞ்ஞானிகள் பொதுவான 'சிடி' எண்களைக் கொண்டுவந்தார்கள்.

யார் யார்?

* சிடி3: எல்லா டி செல்களிலும் இருக்கும்.
* சிடி4: உதவி டி செல். மற்ற செல்களை வேலைக்குக் கிளப்பிவிடும்.
* சிடி8: கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் டி செல்.
* சிடி19: பி செல். சில ரத்தப் புற்றுநோய்களுக்கான கார்-டி சிகிச்சை குறிவைப்பது இதைத்தான்.

ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் நம்ப மாட்டாங்க. சிடி4 மோனோசைட்களிலும் கொஞ்சம் இருக்கும். சிடி3, சிடி4 இரண்டும் இருந்தால்தான் 'உதவி டி செல்' என்று கணக்கு.

எப்படி எண்ணுறாங்க?

குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ரத்தத்தில் கலப்பார்கள். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மெஷினில் செல்கள் ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கும்போது, எந்த நிறம் மின்னுகிறது என்று பார்த்து எண்ணிவிடும்.

சிடி4 குறைஞ்சா?

ஹெச்.ஐ.வி வைரஸ் செல்லுக்குள் நுழையும் கதவே சிடி4தான். அதனால்தான் ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்கு இந்த எண்ணிக்கை முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் காசநோய், நிமோனியா போன்ற தொற்றுகளின் ஆபத்து அதிகம்.

ஆனால், சாதாரண காய்ச்சலில்கூட இந்த எண் இறங்கலாம். காலை, மாலைக்கே மாறும். எனவே, ஒரே ரிப்போர்ட்டை வைத்து 'எனக்கு ஹெச்.ஐ.வி-யோ' என்று பதறாதீங்க. அதற்கு தனி டெஸ்ட் இருக்கு.

ஹெச்.ஐ.வி உறுதியானவர்கள், 'சிடி4 நல்லாத்தானே இருக்கு' என்று மாத்திரையைத் தள்ளிப்போடவும் கூடாது. இந்தியாவில் 2017 முதல் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே சிகிச்சை தொடங்குவதுதான் நடைமுறை. அரசு ஏ.ஆர்.டி மையங்களில் மாத்திரை இலவசம். நம்பர் குறையும்வரை காத்திருக்காதீங்க!