கிட்டங்கியும் சாவியும்

சிலமலைப் பக்கம் ஏலக்காய் வியாபாரி ஒருத்தரிடம் போய், ‘அய்யா, உங்களுக்குக் கிட்டங்கி வேணுமா, பூட்டு வேணுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார். போடி ஏலத்துக்குப் போகிறவரை மூட்டைக்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பூட்டும் வேண்டும். இதில் எதை விடுவது?

ஆனால் சொந்தமாக மென்பொருள் கம்பெனி ஆரம்பிக்கிற நம்ம பிள்ளைகள் இதையேதான் கேட்கிறார்கள். கையில் இருக்கிற காசை கிளவுட் வாடகைக்குக் கொடுப்பதா, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற பெட்டிக்குக் கொடுப்பதா?

பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் சிக்கக் கூடாது என்று 1883-லேயே எழுதிவிட்டார் கெர்க்காஃப்ஸ். பிரெஞ்சு ராணுவப் பத்திரிகையில், தந்தி காலத்தில்!

2006-ல் அமேசான் தன் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விட்டது. கிட்டங்கி கிடைத்தாச்சு என்று உலகமே ஓடியது. சாவியைப் பற்றி யார் யோசித்தார்கள்?

கோட் ஸ்பேசஸ் என்று ஒரு கம்பெனி. அடுத்தவர்களின் புரோகிராம்களைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அவர்கள் தொழிலே. 2014 ஜூனில் எவனோ ஒருவன் அவர்களின் அமேசான் கணக்குக்குள் புகுந்து பணம் கேட்டான். இவர்கள் அவசரமாக பாஸ்வேர்டை மாற்றினார்கள். ஆசாமி அதற்குள் தனக்கென்று வேறு சாவிகள் செய்து வைத்திருந்தான்! கோபத்தில் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். பன்னிரண்டே மணி நேரம். பெரும்பாலான சரக்கு காலி. பேக்கப்? அதுவும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. கம்பெனியையே இழுத்து மூடினார்கள்.

ஊபர் கதை இன்னும் வேடிக்கை. அமேசான் சாவியை புரோகிராமுக்குள்ளேயே எழுதி, கிட்ஹப்பில் போட்டுவிட்டார் ஓர் இன்ஜினீயர். வாசல் நிலையில் சாவி தொங்குகிற மாதிரி! 2014-ல் ஒரு தடவை பட்டும் திருந்தாமல் 2016-ல் மறுபடியும் அதே தப்பு. 5.7 கோடிப் பேரின் விவரம் போச்சு. திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஒரு வருஷம் மூடி மறைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரியை 2022-ல் கோர்ட் குற்றவாளி என்றது. சாவி தொலைந்ததைவிட அதை மறைத்ததுதான் அவருக்கு வினையானது.

சரி, சாவிப் பெட்டி? 2015-ல் ஹாஷிகார்ப் ‘வால்ட்’ என்று ஒன்று கொண்டுவந்தது. அமேசானே 2018-ல் ‘சீக்ரெட்ஸ் மேனேஜர்’ விற்க ஆரம்பித்தது. ஒரே கிட்டங்கிக்காரருக்கு அவரே தருகிற பெட்டி போதும் என்பது என் கட்சி. நாலைந்து இடத்தில் சரக்கு வைத்திருப்பவருக்குத்தான் வால்ட். அதைக் காவல் காக்கவே தனியாக ஆள் வேண்டும்!

வால்ட்டின் தலைச்சாவியை ஐந்து துண்டாக்கித் தருவார்கள். எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும். 1979-ல் ஷமீர் கண்டுபிடித்த கணக்கு அது. கோயில் உண்டியலுக்கு ஆளுக்கொரு சாவி என்று நம்மூரில் வைப்பதில்லையா, அந்த மாதிரி. ஆனால் சிலமலையில் கம்பெனி ஆரம்பிக்கிற பையனுக்குக் கூட்டாளியே ஒருத்தன்தானே? ஐந்து துண்டையும் யார் யாரிடம் கொடுப்பான்? இப்போதைக்கு அவன், புரோகிராமுக்குள் பாஸ்வேர்டு எழுதாமல் இருந்தாலே பாதித் திருட்டு நின்றுவிடும்.