மொரப்பூர்ல இருந்து கிளம்பின சின்ன ரயில்

தர்மபுரிக்கு ரயில் ரெண்டு தடவை வந்திருக்குதுங்க. முதல் தடவை 1906-ல் வந்து, 35 வருஷம் ஓடிட்டு, 1941-ல் நின்னு போச்சு. இரண்டாவது தடவை வந்தது சுதந்திரத்துக்கு அப்புறம். இப்போ பெங்களூரு போறவங்க சேலத்துல ஏறி ஓசூர்ல எட்டிப் பார்க்கிறாங்களே, அந்தப் பாதை. நான் எழுதப் போறது முதல் ரயிலைப் பத்தி. அது எதுக்காக வந்துச்சு, ஏன் போச்சுன்னு எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியல.

இதைப் பத்தி யோசிக்க வச்சது ஒரு விளையாட்டு. என் அக்கா மகன் பெங்களூருல வேலை செய்யறான். பொங்கலுக்கு வந்தப்போ பெரிய அட்டைப் பெட்டி ஒண்ணு கொண்டு வந்தான். நம்ம தாயம் மாதிரி கட்டம் போட்ட பலகைதான், ஆனா கட்டம் எல்லாம் அறுகோணம். பேரு 'ஏஜ் ஆஃப் ஸ்டீம்'. மார்ட்டின் வாலஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் 2002-ல் உருவாக்கினதாம். ஊருக்கு ஊர் ரயில் பாதை போடணும், ஒரு ஊர்ல கிடக்கிற சரக்கை அதே நிறத்து ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்க்கணும். சரக்குன்னா சின்னச் சின்ன மரக்கட்டை, சிவப்பு, நீலம், மஞ்சள்னு.

"மாமா, முதல்ல கடன் வாங்கணும். கடன் வாங்காம இதுல தண்டவாளம் போட முடியாது"ன்னான். விவசாயிக்கு இதைச் சொல்லியா தரணும்! பங்கு விற்றுத்தான் கையில காசு வருது. விற்ற ஒவ்வொரு பங்குக்கும் சுற்றுக்கு ஒரு ரூபாய் ஆட்டம் முடியற வரைக்கும் கட்டிக்கிட்டே இருக்கணும், அடைச்சு முடிக்கிற வழியே இல்லை. சரக்கு எத்தனை ஊரைத் தாண்டிப் போகுதோ அத்தனைக்கு வருமானம். பக்கத்து ஊருக்குக் கொண்டு போனா ஒண்ணு, ஆறு ஊரைத் தாண்டினா ஆறு. அதனால எல்லாரும் நீளமான பாதைக்கு அலையறாங்க.

விளையாடறப்போ எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. கட்டையை எடுத்துட்டுப் போன பிறகு அந்த ஊர்ல என்ன மிச்சம்னு அந்தப் பலகையில யாரும் கேட்கிறதில்லை. எங்க மாவட்டத்து ரயில் கதையே அந்தக் கேள்வியில இருந்துதான் ஆரம்பிக்குது.

தாது வருஷப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1876-ல் மழை பொய்த்து 1878 வரைக்கும் இழுத்தது. அப்போ தர்மபுரி தனி மாவட்டம் இல்லை, சேலம் ஜில்லாவுல ஒரு தாலுகா. 1871 கணக்கெடுப்பில சேலம் ஜில்லா மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் எடுத்தப்போ சுமார் 16 லட்சம். செத்தவங்க, ஊரை விட்டுப் போனவங்க, பிறக்காமலே போனதுங்க எல்லாம் அந்த இடைவெளியில இருக்கு. பத்து வருஷத்துல அஞ்சு பேர்ல ஒருத்தரைக் காணோம்னு வச்சுக்கங்க. நிவாரண வேலையில ரிச்சர்ட் டெம்பிள்ங்கிற அதிகாரி கூலியைக் குறைச்சு, நாளைக்கு ஒரு பவுண்டு தானியம்னு வச்சார். அதாவது 450 கிராம். மண் சுமக்கிற ஆளுக்கு அது காலைக் கஞ்சிக்கே காணாது.

இதுல கவனிக்க வேண்டியது, அப்பவே ரயில் இருந்தது. மதராஸ்ல இருந்து ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம் வழியா மலபார் கடற்கரை வரைக்கும் 1862-லேயே மதராஸ் ரயில்வே பாதை போட்டு முடிச்சிருந்தது. பஞ்ச காலத்துல கப்பல்ல மதராசுக்கு வந்து இறங்கின அரிசி அந்த ரயில்லதான் உள்நாட்டுக்கு வந்துச்சு. மொரப்பூர் ஸ்டேஷன்ல இருந்து தர்மபுரி சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஆனா ஸ்டேஷன்ல மூட்டை இறங்கினா, அதுக்கு மேல மாட்டு வண்டிதான். பஞ்சத்துல முதல்ல சாகிறது மாடு. தீவனம் இல்லாம மாடு செத்துப் போனா வண்டி ஏது? வண்டிக்கு மாடு இல்லாம தானியம் நடுவழியில தேங்கின கதை தென்னிந்தியா முழுக்கவே அப்போ நடந்தது.

ரயில் தானியத்தைக் கொண்டு வந்த மாதிரியே கொண்டும் போச்சு. விலை எங்க ஏறுதோ அங்க ஓடுறதுதான் வியாபாரியோட சரக்கு. அந்தப் பஞ்சத்திலேயே இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிச்சு. அதுக்காக ரயிலைக் குறை சொல்லிட்டும் இருக்க முடியாது, ரயில் எட்டாத ஊர் நிலைமை இன்னும் மோசம். ரெண்டுமே உண்மைங்க.

1880-ல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. பஞ்சத்தைச் சமாளிக்க நாட்டுல உடனடியா 5,000 மைல் ரயில் பாதை வேணும், மொத்தத்துல 20,000 மைல் இருந்தாத்தான் நாடு பத்திரம்னு அது சொல்லிச்சு. 'பஞ்சப் பாதுகாப்பு ரயில்'னு ஒரு வகையே உருவாச்சு. லாபம் வராதுன்னு தெரிஞ்சே போடற பாதை. அந்தக் கணக்குல எங்க பக்கத்துக்கு வந்தது ரெண்டு. 1905-ல் திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி. 1906 ஜனவரியில மொரப்பூர் – தர்மபுரி. பஞ்சம் முடிஞ்சு இருபத்தெட்டு வருஷம் கழிச்சு!

செலவைக் குறைக்கணும்னு குறுகிய பாதையா போட்டாங்க. தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டரை அடிதான். மொரப்பூர் வழியா போற மெயின் லைன் அஞ்சரை அடி. அந்தப் பெட்டி இதுல ஓடாது, இந்தப் பெட்டி அதுல ஓடாது. எங்க தாத்தா இளவட்டத்துல மொரப்பூர் ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினவர். "ஒரே மூட்டைக்கு ரெண்டு தடவை முதுகு கொடுக்கணும்டா"ம்பார். சின்ன வண்டியில தர்மபுரிப் பக்கத்துப் புளியும் கொட்டமுத்தும் வந்தா, அதை இறக்கி, நடந்து, பெரிய வண்டியில ஏத்தணும். கூலி ரெண்டு, சிதறல் ரெண்டு, காத்திருக்கிற நாளும் ரெண்டு. வியாபாரி மனசுல இது உறுத்தத்தானே செய்யும்?

(அகலம் மாறுற இந்தத் தொல்லையை வச்சே ஒரு பலகை விளையாட்டு இருக்குதாம். பேரு '1853', பம்பாய்ல இருந்து தானாவுக்கு ரயில் ஓடின வருஷம். பிரான்சிஸ் டிரெஷாம்னு ஒருத்தர் 1989-ல் செய்தது, களம் இந்தியா. நான் பார்த்ததில்லை, அக்கா மகன் சொன்னது.)

1913-ல் பாதையை ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. நீட்டினது சரி, ஓசூர்லயே நிறுத்திட்டாங்க. அங்கிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம், இந்தப் பக்கம் மதராஸ் மாகாணம். பலகையில இப்படி ஒருத்தன் பாதை போட்டா எதிர்ல இருக்கிறவன் சிரிப்பான். பெரிய ஊர் கைக்கெட்டின தூரத்துல இருக்க, முன்னாடியே முட்டிக்கிட்டு நிக்கிற பாதையில சரக்கு எங்கிருந்து வரும்? எங்க பக்கத்துச் சரக்குக்கு பெங்களூருதான் இயற்கையான சந்தை, அன்னைக்கும் சரி இன்னைக்கும் சரி. அந்த நாற்பது கிலோமீட்டரைப் போடாததுதான் அந்த ரயிலைக் கொன்னதுன்னு என் அபிப்பிராயம்.

முழுசாக் கொன்னது லாரியும் பஸ்ஸும். 1930-கள்ல நாடு முழுக்க ரயிலுக்கும் மோட்டாருக்கும் போட்டி வந்து, 1933-ல் மிட்செல் – கிர்க்னஸ்னு ரெண்டு பேர் அதுக்குன்னே அறிக்கை எழுதற அளவுக்குப் போச்சு. லாரிக்காரன் களத்து மேட்டுலயே மூட்டையை ஏத்தி, மண்டி வாசல்லயே இறக்கிடுவான். தாத்தாவோட ரெண்டு முதுகு அதுல வேண்டியதில்லை. அப்புறம் இரண்டாம் உலகப் போர். நஷ்டத்துல ஓடின கிளைப் பாதைகள் நாடெங்கும் பலது மூடப்பட்டு, தண்டவாளமும் பெட்டியும் போர் வேலைக்குப் போச்சு. எங்க ரயில் 1941-ல் நின்னது. பஞ்சத்துக்குன்னு போட்ட பாதைக்கு லாப நஷ்டக் கணக்கு பார்த்தாங்கன்னா என்ன சொல்றது? ரெண்டு வருஷத்துல வங்காளத்துல பஞ்சம் வந்தது.

அப்புறம் 1960-கள்ல சேலம் – தர்மபுரி – ஓசூர் – பெங்களூரு மீட்டர் கேஜ் பாதை வந்து, 1990-கள்ல அகலப் பாதையாச்சு. விட்டுப் போன நாற்பது கிலோமீட்டர் அப்படித்தான் நிரம்பிச்சு. ஆனா மொரப்பூர் பக்கம் அறுந்தது அறுந்ததுதான். இன்னைக்கும் தர்மபுரிக்காரன் சென்னைக்கு ரயில்ல போகணும்னா பையைத் தூக்கிட்டு மொரப்பூருக்கு பஸ் ஏறுறான். மாட்டு வண்டிக்குப் பதிலா பஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபடியும் அந்தப் பாதையைப் போடணும்னு பல வருஷக் கோரிக்கை. 2016-17 ரயில்வே பட்ஜெட்ல 36 கிலோமீட்டருக்கு ஒப்புதல் கிடைச்சு, 2019 மார்ச்ல அடிக்கல் நாட்டினாங்க. அதுக்கப்புறம் நிலம் அளக்கிற வேலை. எங்க ஊர்க்காரர் ஒருத்தருக்கு மொத்தமே ஒண்ணே கால் ஏக்கர், அதுல கிணறு இருக்கிற மூலைக்குப் பக்கத்துல கல்லு நட்டிருக்காங்க. "ரயில் வரணும்தாண்ணா, ஆனா என் கிணத்து மேலயா வரணும்?"னு என்னைக் கேட்டார். பலகையில அறுகோணத்துல தண்டவாளத்தை வைக்கிறப்போ அங்க கிணறு இருக்கிறதில்லை. நானும் ரயில் வேணும்னு கையெழுத்துப் போட்டவன். அவருக்குச் சொல்ல எனக்குப் பதில் கிடைக்கல.

ரயில் வந்தா எங்க தக்காளி அதுல போகுமான்னு சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி நிறைய. விலை விழுந்தா ரோட்டோரம் கொட்டறதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. அந்த விளையாட்டுல ஒரே ஒரு கட்டையைக்கூட ரயில்ல அனுப்பலாம். நிஜத்துல சரக்கு ரயில்னா இப்போ முழு ரேக், நாற்பது வேகன். நாற்பது வேகன் நிரப்ப சிமெண்டு கம்பெனியால முடியும், உர கம்பெனியால முடியும். இருபது பெட்டி தக்காளி வச்சிருக்கிறவனுக்கு ஈச்சர் வண்டிதான். தாத்தா காலத்துல ரெண்டு மூட்டையைக்கூட ரயில்ல புக் பண்ணி அனுப்பினாங்க. 2020 ஆகஸ்ட்ல மகாராஷ்டிரா தேவ்லாலியில இருந்து பீகார் தானாபூருக்கு 'கிசான் ரயில்' விட்டப்போ சில்லறையா காய்கறி ஏத்திக்கிட்டாங்க, கட்டணத்துல பாதி மானியமும் கொடுத்தாங்க. அப்படின்னா செய்ய முடியாத காரியம் இல்லை. புதுப் பாதை வரைபடத்துல தர்மபுரியிலயோ மொரப்பூர்லயோ அந்த மாதிரிச் சில்லறைச் சரக்கு ஏத்த ஒரு கொட்டகைக்கு இடம் விட்டிருக்காங்களான்னு கேட்டு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். கிணத்துக்காரரும் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கார், ஆனா கிணறு விஷயத்தையும் அதுலயே எழுதணுமாம். எழுதிட்டேன்.

சென்னையில இருந்து சேலம் போறப்போ ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் தாண்டினா மொரப்பூர் வரும். கொஞ்ச நேரம்தான் நிக்கும், பல வண்டி நிக்கவே நிக்காது. வலது பக்கம் ஜன்னல்ல உட்கார்ந்திருந்தா வெளிய பாருங்க. அந்தத் திசையிலதான் சின்ன ரயில் கிளம்பிச்சு.